நடுக்கத்திற்கு முந்தைய குறிகள்

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் மூளைநோய் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று மாணவ நண்பர்கள் வினவக்கூடும். வினவுதல் முறையே. இக்கட்டுரை பிறந்ததே ஒரு வினாவிலிருந்துதான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். நகை, அழுகை முதலாக உவகை ஈறாகத் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். உள்ளத்தில் நிகழும் உணர்வு கண்டோர்க்குப் புலனாகும்படி உடம்பில் வெளிப்படுதலே மெய்ப்பாடு என்று விளக்கியபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, உள்ளே உணர்வு நிறைய இருந்தும் முகத்தில் ஒன்றுமே தோன்றாத மனிதர் உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். என் பெரியத்தாவின் முகம் நினைவுக்கு வந்தது. பாடத்தை அத்துடன் நிறுத்திவிட்டு அவரைப் பற்றிப் பேசினேன். மணி அடித்தது கூடத் தெரியவில்லை.

பெரியத்தா, என் தந்தையாரின் மூத்த சகோதரர், அறந்தாங்கிக் கடைவீதியில் நாட்டு மருந்துச் சரக்கும் மளிகையும் கலந்த கடை வைத்திருந்தார். பெருங்காயத்தின் தரத்தை மூக்கால் மட்டுமே தீர்மானிப்பார். பட்டை, கிராம்பு, ஓமம், வசம்பு எதுவாயினும் கோணியைப் பிரித்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்த பிறகே விலை பேசுவார். 1989 வாக்கில், எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, பள்ளி விட்டதும் கடைக்கு வரச் சொல்வார். சரக்கு வந்தால் என் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து, "மோந்து பாருடா தம்பி, எப்படி இருக்கு சொல்லு" என்பார். நான் சொல்வதைக் கேட்டுத் தலையசைப்பார். பையனுக்குத் தொழில் பழக்குகிறார் என்று வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். நானும் பெருமிதம் கொண்டேன்.

சில ஆண்டுகள் கழித்து, உறக்கத்தில் அவர் கத்தவும் கைகால்களை வீசவும் தொடங்கினார். யாரோ துரத்துவதாகக் கனவு கண்டேன் என்பார். ஒருமுறை பெரியம்மாவின் கன்னம் வீங்கும்படி அடி விழுந்தது. ஓதிப் பார்த்தார்கள், தாயத்தும் கட்டினார்கள். மலச்சிக்கலுக்கு ஓயாமல் கடுக்காய்ப் பொடி சாப்பிட்டார். அதுவோ கடைச்சரக்குத்தானே என்று ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பிறகு வலத்தோள் இறுகியது. தோள்மூட்டு வாதம் என்று ஒரு மருத்துவர் ஓராண்டுக்கு மேல் ஊசியும் எண்ணெயும் கொடுத்தார். 1998இல்தான் வலக்கைக் கட்டைவிரல், மாத்திரை உருட்டுவது போல, சுட்டுவிரலோடு உரசி நடுங்கத் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டில் மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்து, ஐந்து நிமிடத்தில், "இது பார்க்கின்சன் நோய்; தொடங்கிப் பத்தாண்டுகளாவது ஆகியிருக்கும்" என்றார். இரண்டாண்டுக்கு முன் வந்த நடுக்கத்திற்குப் பத்தாண்டு வயது சொல்கிறாரே என்று எங்களுக்குப் புரியவில்லை. அந்தப் பத்தாண்டுக் கணக்கைப் புரிந்துகொள்ள நான் பின்னாளில் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அறிகுறியும் உயிர்க்குறியும்

நோயாளி உணர்வதும் மருத்துவர் கண்ணால் காண்பதும் அறிகுறி. உடம்பினுள் அளந்தறியத்தக்கது உயிர்க்குறி. பயோமார்க்கர் என்று மருத்துவர் வழங்குவது இதனையே. நீரிழிவு நோயை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி தாகம் எடுப்பது அறிகுறி. இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவு உயிர்க்குறி. தாகம் தோன்றுவதற்குப் பல்லாண்டு முன்பே சர்க்கரை அளவு காட்டிக்கொடுத்துவிடும். இன்று நம்மூரில் தேநீர்க் கடையில் உட்காரும் பெரியவர்கூடத் தம் சர்க்கரை எண்ணைச் சொல்வார். பார்க்கின்சன் நோய்க்கு அத்தகைய எண் நெடுங்காலம் கிடைக்கவில்லை.

இலண்டனின் புறநகரில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதம் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் இடம்பெற்ற நோயாளிகள் ஆறே பேர். அவர்களிலும் சிலரை அவர் தெருவில் கண்டு விசாரித்ததோடு சரி. மருத்துவமனை அடுக்குகளும் ஆய்வுக்கூடங்களும் இன்றி, நடையையும் கையையும் உற்றுநோக்கியே எழுதிய நூல் அது. பின்னர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ அந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார். வியப்பு என்னவெனில், பார்க்கின்சன் கண்ட வழியிலேயே, அதாவது பார்த்தே, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மருத்துவ உலகம் இந்நோயை அறுதியிட்டு வந்தது. ஐயமற்ற முடிவு வேண்டுமெனில் நோயாளி இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருந்தது.

அவ்வாறு பார்த்தவர்கள் கண்டது இரண்டு. நடுமூளையில் கருநிறமாய்த் தோன்றும் சிறிய பகுதி ஒன்றுண்டு. அதனைக் கருந்திட்டு என்போம். இந்நோயாளரிடம் அது வெளிறிக் கிடந்தது. அங்குள்ள நரம்பணுக்கள் டோப்பமின் என்னும் வேதிப்பொருளைச் சுரப்பவை. உடலசைவு தடையின்றி ஒழுகுவதற்கு அது இன்றியமையாதது. இரண்டாவதாக, எஞ்சிய நரம்பணுக்களுள் உருண்டையான படிவுகள் காணப்பட்டன. 1912இல் அவற்றை விவரித்த ஃபிரடெரிக் லூவியின் பெயரால் அவை லூவி உருண்டைகள் எனப்படுகின்றன. கை நடுங்கத் தொடங்கும்போது கருந்திட்டின் நரம்பணுக்களில் பாதியளவோ அதற்கு மேலோ அழிந்திருக்கும் என்று மதிப்பிடுகின்றனர். மதுரை மருத்துவர் சொன்ன பத்தாண்டுக் கணக்கின் பொருள் இதுதான். சுவருக்குள் கறையான் அரித்து முடித்தபின் வெளியே மண்கோடு தெரிவது போன்றது நடுக்கம். போதாக்குறைக்கு, இந்நோயாளர் எல்லாருக்கும் நடுக்கம் வருவதுமில்லை. சிலருக்கு உடல் இறுக்கமும் அசைவின் மந்தமுமே தோன்றும்.

சேப்பாக்கத்தில் பிரித்தெடுத்த பொருள்

இவ்விடத்தில் தமிழகத்திற்குரிய ஒரு செய்தியைக் கூறாமல் கடந்து செல்ல மனம் ஒப்பவில்லை. நம் வேலிகளில் பூனைக்காலி என்றொரு கொடி படர்ந்திருக்கும். அதன் காயின்மேலுள்ள சுணை மேலே பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். சிறுவயதில் ஒருவர் சட்டைக்குள் ஒருவர் போட்டு அடி வாங்காதவர் குறைவு. அதன் விதை எங்கள் பெரியத்தா கடையிலும் ஒரு டப்பாவில் இருந்தது. பாலில் வேகவைத்துத் தோல் நீக்கிச் சித்த, ஆயுர்வேத மருத்துவர் அதனைப் பயன்படுத்துவர்.

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எம். தாமோதரன், ஆர். இராமசுவாமி ஆகிய இருவரும் அவ்விதையிலிருந்து லெவோடோப்பா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, 1937இல் இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் கட்டுரை வெளியிட்டனர். 1913இலேயே சுவிட்சர்லாந்தில் குகன்ஹைம் என்பவர் ஐரோப்பிய அவரைவகை ஒன்றிலிருந்து இதே பொருளை எடுத்திருந்தார். ஆனால் 1937இல் இதற்கும் நடுக்குவாதத்திற்கும் தொடர்புண்டு என்பதை உலகில் எவரும் அறியார். டோப்பமின் மூளைக்குத் தனிப் பணியுடையது என்பதை ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் காட்டியது 1950களின் பிற்பகுதியில். அதற்கு அவர் 2000இல் நோபெல் பரிசு பெற்றார். பார்க்கின்சன் நோயாளரின் மூளையில் டோப்பமின் வற்றியிருப்பதை 1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் கண்டார். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் லெவோடோப்பாவை மிகுந்த அளவில் கொடுத்து, எழ முடியாதவரை நடக்க வைத்தார். பெரியத்தா பின்னாளில் நாள்தோறும் மூன்று வேளை விழுங்கிய மாத்திரையின் உயிர்நாடி, அவர் கடை டப்பாவில் கிடந்த விதையில் இருந்த அதே பொருள்தான்.

இதைப் படித்துவிட்டு எவரும் பூனைக்காலிப் பொடியை வாங்கித் தாமாக உண்ணத் தொடங்கலாகாது. 2004இல் வெளியான இலண்டன் ஆய்வு ஒன்றில் எட்டு நோயாளருக்கு அவ்விதைப் பொடியைக் கொடுத்தபோது மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது உண்மை. ஆயினும் எட்டுப் பேரைக் கொண்டு ஊருக்கு வைத்தியம் சொல்ல இயலாது. விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை உண்பவர் இதையும் சேர்த்தால் அளவு மீறிக் கைகால்கள் தாமே துள்ளும், மனக்குழப்பமும் வரும்.

லெவோடோப்பா மருந்தாக மட்டும் நின்றுவிடவில்லை. நோயைக் காட்டும் விளக்காகவும் ஆயிற்று. 1983இல் கனடா நாட்டு அறிவியலார், டோப்பாவுடன் கதிர்வீசும் புளோரின் அணுவை இணைத்து உடம்பில் செலுத்தி, மூளை அதனை எங்கே எவ்வளவு ஈர்த்துக்கொள்கிறது என்று படம் பிடித்தனர். உயிரோடிருக்கும் மனிதரின் டோப்பமின் குறைபாட்டைக் கண்ணாரக் காண அதுவே வழி திறந்தது. பின்னர், டோப்பமினை நரம்பு முனைக்குள் மீட்டெடுக்கும் புரதத்தைக் காட்டும் படமுறை வந்தது; அமெரிக்க அரசு 2011இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. நம் நாட்டிலும் பெருநகர மருத்துவமனைகளில் டிரோடாட் என்னும் பொருளைக் கொண்டு இத்தகைய படம் எடுக்கின்றனர்.

இப்படம் யாருக்குப் பயன்படும் என்பதை விளக்க வேண்டும். நம் பக்கத்தில் தலைசுற்றல் என்றால் சின்னாரிசின் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கும் முதியோர் பலர். அதுவும், வாந்திக்கும் மனநோய்க்கும் தரும் வேறு சில மருந்துகளும் நெடுநாள் உண்டால் பார்க்கின்சன் நோய் போன்ற நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கும். அவரிடம் மேற்கூறிய படம் பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். மருத்துவரைக் கேட்டு மருந்தை நிறுத்தினால் பலருக்கு நடுக்கம் தணியும். ஆகவே நடுங்கும் கை எல்லாம் பார்க்கின்சன் கை அன்று. எனினும் இப்படம் நரம்பணு அழிந்தபின் ஏற்படும் குறையைக் காட்டுவதே. அதற்கு முந்தைய கட்டத்தை அறிய வேறு தடயம் தேவைப்பட்டது.

உறை மோர் போன்ற புரதம்

குறளின் மருந்து அதிகாரம் நோயைக் கண்டபின் அதன் முதலையும் தேடச் சொல்கிறது. லூவி உருண்டையின் முதல் எது என்பதற்கு 1997இல் விடை கிடைத்தது. இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்கள் சிலவற்றில் இந்நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது; அவர்களிடம் ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதத்திற்குரிய மரபணுவில் பிழை இருப்பதை ஆய்வாளர் கண்டனர். அதே ஆண்டில், லூவி உருண்டைகள் பெரும்பாலும் அப்புரதத்தாலேயே ஆனவை என்பதும் புலனாயிற்று. அப்புரதம் நம் அனைவரிடமும் இருப்பதே. ஆனால் சிலரிடம் அது தவறாக மடிகிறது. தவறாக மடிந்த ஒன்று, அருகிலுள்ள நல்லதையும் தன்னைப் போல் மடியச் செய்கிறது.

இதனை மாணவருக்கு விளக்க நான் எடுத்துக்கொள்ளும் உவமை, பாலுக்கு உறை ஊற்றுவது. ஒரு குவளைப் பாலில் ஒரு துளி மோர் விழுந்ததா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இரவு முழுதும் வைத்திருந்தால் காலையில் தயிராகி நின்று உண்மையைச் சொல்லிவிடும். அதே முறையில், ஐயத்திற்குரியவரின் முதுகுத் தண்டிலிருந்து சிறிதளவு நீர் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் நல்ல சைனூக்ளின் புரதத்தோடு கலந்து குலுக்கி வைக்கின்றனர். அந்நீரில் தவறாக மடிந்த புரதம் மிகச் சிறிதளவு இருந்தாலும் நல்லதெல்லாம் மெல்ல அதன் வடிவத்திற்கு மாறும். மாறியதும் அதனுடன் சேர்த்த சாயம் ஒளிரும். உவமை முழுதும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோரில் பெருகுவது உயிருள்ள நுண்ணுயிர். இங்குப் பரவுவது உயிரற்ற வடிவம் மட்டுமே.

அமெரிக்க நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நிறுவிய அறக்கட்டளையின் ஆதரவில் 2010 முதல் நடந்துவரும் பன்னாட்டு ஆய்வொன்றில் 1,123 பேரிடம் இச்சோதனையைச் செய்து 2023இல் முடிவை வெளியிட்டனர். பார்க்கின்சன் நோயாளரில் 87.7 விழுக்காட்டினரிடம் அது நோயைக் காட்டியது. நோயற்றவருள் 96.3 விழுக்காட்டினரிடம் நோயில்லை என்றே சொன்னது. மரபணுப் பிழையின்றி நோயுற்று, முகரும் ஆற்றலையும் இழந்திருந்தவரிடம் அதன் துல்லியம் 98.6 விழுக்காடு. இவற்றினும் என்னைச் சிந்திக்க வைத்த எண் வேறு. நடுக்கமோ இறுக்கமோ இல்லாமல், முகர்வுக் குறையோ உறக்கத்தில் கைகால் வீசுவதோ மட்டுமே உடையவர் 51 பேரைச் சோதித்தனர். அவர்களுள் 44 பேருக்குச் சாயம் ஒளிர்ந்தது. பெரியத்தா 1990களின் தொடக்கத்தில் நின்ற இடம் அதுவே.

சோதனைக்குக் குறைகளும் உள. எல்.ஆர்.ஆர்.கே.2 என்னும் மரபணுவின் பிழையால் நோயுற்றவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் அது ஒன்றும் காட்டவில்லை. முதுகுத் தண்டில் ஊசி என்றாலே நம் மக்கள் அஞ்சுவர். ஆதலால் தோலில் மிளகளவு எடுத்துப் பார்க்கும் முறையும் வளர்ந்து வருகிறது. 428 பேரிடம் செய்து 2024இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பார்க்கின்சன் நோயாளரில் 92.7 விழுக்காட்டினரின் தோல் நரம்பில் அப்புரதம் காணப்பட்டது, நோயற்றவரிடம் 3.3 விழுக்காடே. ஆயினும் இதே புரதத்தால் வரும் வேறு சில மூளைநோய்களிலும் தோல் இவ்வாறே காட்டுவதால், நோய் உண்டென்று சொல்லும் அளவுக்கு எந்நோய் என்று பிரித்துச் சொல்ல அதனால் இயலாது.

மூக்கும் உறக்கமும்

2003இல் ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் பிராக்கும் அவர் குழுவினரும் ஒரு கருத்தை முன்வைத்தனர். இப்புரதம் முதலில் கருந்திட்டில் படிவதில்லை. மூக்கிலிருந்து மணத்தை ஏற்கும் மூளைமுனையிலும், குடலோடு தொடர்புடைய நரம்பு புறப்படும் அடித்தண்டிலும் படிந்து, அங்கிருந்து படிப்படியாக மேலேறுகிறது என்றனர். எல்லா நோயாளரிடமும் இவ்வரிசை அப்படியே அமைவதில்லை என்று மறுப்போரும் உளர். எனினும் பெரியத்தாவின் கதையை அதன்மேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் சென்று அமர்கிறது. முதலில் மூக்கு, கடுக்காய்ப் பொடி, இரவுக் கூச்சல், தோள், அப்புறமே விரல். நாங்கள் அனைத்தையும் கண்டோம். ஒன்றோடொன்று சேர்த்துக் காணவில்லை.

கனவு காணும் துயிலில் நம் தசைகள் இயல்பாகவே தளர்ந்து கிடக்கும். கனவில் ஓடினாலும் கட்டிலில் அசையாதிருப்பது அதனால்தான். அக்கட்டுத் தளர்ந்தவர் கனவை உடம்பால் நடித்துவிடுகிறார். இதனை ஒரு நோயாக 1986இல் அமெரிக்க மருத்துவர் ஷெங்க் குழுவினர் விவரித்தனர். பல நாடுகளின் 24 மருத்துவ நிலையங்களில் இக்குறையுடைய 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டின்படி, பன்னிரண்டு ஆண்டுகளில் அவருள் 73.5 விழுக்காட்டினர் பார்க்கின்சன் நோய்க்கோ அதன் இனத்தைச் சார்ந்த மூளைநோய்க்கோ ஆளாகின்றனர். தாயத்தை நான் எள்ளவில்லை. அன்று எங்கள் வீட்டார்க்குத் தெரிந்த மருந்து அது.

மூக்கைப் பற்றிச் சொல்லும்போது ஸ்காட்லாந்தின் ஜாய் மில்ன் என்னும் செவிலியரைக் குறிப்பிட வேண்டும். கணவரின் உடல்மணம் மாறிவிட்டதை அவர் உணர்ந்தது, கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் சொல்வதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பு. பின்னர் நோயாளர் கூட்டம் ஒன்றில் அதே மணத்தைப் பலரிடமும் உணர்ந்து, எடின்பரோ அறிவியலார் ஒருவரிடம் அதைக் கூறினார். பன்னிரண்டு பேர் உடுத்திய பனியன்களை முகரச் செய்தபோது, நோயாளர் அறுவரையும் சரியாகச் சொன்னார். நோயற்றவர் என்று தரப்பட்ட அறுவருள் ஒருவரையும் நோயாளர் என்றார். அந்த ஒருவருக்குச் சில மாதங்களில் நோய் உறுதியாயிற்று. தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையில் மாறியிருக்கும் வேதிப்பொருள்கள் எவை என்பதை மான்செஸ்டர் ஆய்வாளர் 2019இல் வெளியிட்டனர். பஞ்சால் முதுகைத் துடைத்து எடுத்துச் சோதிக்கும் முறையாக அதை ஆக்க முயன்று வருகின்றனர்.

நம்மைப் போன்ற சிற்றூர்க்காரர்க்கு மிக எளிதில் எட்டக்கூடியது முகர்வுச் சோதனையே. அதில் ஒரு சிக்கல். உலகெங்கும் பெயர் பெற்ற பென்சில்வேனியப் பல்கலைக்கழகச் சோதனையில் நாற்பது மணங்கள் உள. அட்டையைச் சுரண்டி முகர்ந்து இன்ன மணம் என்று சொல்ல வேண்டும். அவற்றுள் ரூட் பீர் என்னும் அமெரிக்கப் பானமும், பூசணிப் பணியாரமும், இஞ்சி ரொட்டியும் அடக்கம். அறந்தாங்கிச் சந்தைக்கு வரும் பெரியவரிடம் ரூட் பீரை முகர்த்தினால் மூக்கு நன்றாயிருந்தும் தோற்றுப்போவார். அவருக்குப் பெருங்காயம், மல்லிகை, கருவாடு, காப்பித்தூள், வேப்ப எண்ணெய், அத்தர் என்று வைக்க வேண்டும். இந்திய மணங்களைக் கொண்டு சோதனை அமைக்கும் முயற்சிகள் நம் நாட்டு ஆய்வாளரிடையே நடந்துள்ளன. அவை வட்டார அளவில் இன்னும் நெருங்கி வரவேண்டும் என்பது என் கருத்து. கோட்டைப்பட்டினத்து மூக்கும் கோயம்புத்தூர் மூக்கும் ஒன்றல்ல. முகர்வு குன்றியவரெல்லாம் இந்நோயாளர் ஆகார் என்பதையும் மறத்தலாகாது. சளி, மூக்கடைப்பு, முதுமை, புகைப்பழக்கம் ஆகியவற்றாலும் மணம் தெரியாது போகும். கொரோனாக் காலத்திற்குப் பின் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எழுத்தும் குரலும்

தமிழாசிரியன் என்ற முறையில் என் மனம் நிற்பது இவ்விரண்டில். பெரியத்தாவின் கடைப் பேரேடுகள் என் அலமாரியில் இருக்கின்றன. 1986ஆம் ஆண்டுப் பேரேட்டில் ஒரு வரிக்கு ஆறு சொற்கள்; 'ழ'கரத்தின் சுழிப்பு வரியைத் தாண்டிக் கீழே இறங்கும். 1996ஆம் ஆண்டுப் பேரேட்டில் அதே அகல வரியில் பத்துச் சொற்கள். வரி தொடங்குமிடத்தில் ஓரளவு பெரிதாயிருக்கும் எழுத்து, முடியுமிடத்தில் எறும்புச் சாரை போல் சுருங்கிவிடுகிறது. அப்போது விரலில் நடுக்கம் இல்லை. கண் மங்கிவிட்டது, காகிதத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். எழுத்துச் சிறுத்தல் இந்நோயின் அறியப்பட்ட குறி. தாளில் எழுதும் வழக்கம் அருகி வரும் இக்காலத்தில் இத்தடயமும் மறைந்து வருகிறது.

குரலுக்குச் சான்று முகம்மது அலி. அவர் நாவன்மையை அறியாதார் இலர். 1984இல், நாற்பத்திரண்டாம் வயதில், அவருக்குப் பார்க்கின்சன் வகை நோய் என்று மருத்துவர் உரைத்தனர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் அவர் சுடரேற்றிய காட்சியைக் கண்டோர் மறவார்; 2016இல் மறைந்தார். 1968 முதல் 1981 வரை அவர் அளித்த பேட்டிகளின் பதிவுகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக அறிஞர் கணினியால் அளந்து 2017இல் முடிவை வெளியிட்டனர். இருபத்தாறு வயதுக்கும் முப்பத்தொன்பது வயதுக்கும் இடையில் அவர் பேச்சின் வேகம் 26 விழுக்காடு குறைந்திருந்தது. நோய்க்குப் பெயரிடுமுன்பே நாக்கு சொல்லிவிட்டது. குத்துச்சண்டையில் தலையில் விழுந்த அடிகளுக்கும் இதில் பங்குண்டு என்பதால் இதனை எல்லார்க்கும் பொதுவாக்க இயலாது. ஆயினும் ஊசியோ கதிரோ இல்லாமல், பேச்சைப் பதிவுசெய்து கணினியால் ஆராயும் வழியில் இன்று பல நாடுகளில் ஆய்வு நடக்கிறது. தமிழ்ப் பேச்சுக்கு அத்தகைய அளவீடு வேண்டுமெனில் நெடில், குறில், மாத்திரை அறிந்தவர் துணை மருத்துவர்க்குத் தேவைப்படும். நம் துறை மாணவர் ஒருவராவது அப்பக்கம் திரும்பினால் மகிழ்வேன்.

அறிந்து என்ன செய்வது?

வகுப்பில் இவ்வளவும் கேட்டபின் அதே மாணவி மீண்டும் எழுந்தாள். "நோயை நிறுத்த மருந்து உண்டா ஐயா?" இன்றுவரை, இந்நோயின் போக்கைத் தடுத்து நிறுத்தும் என்று மெய்ப்பிக்கப்பட்ட மருந்து இல்லை. மாத்திரைகள் குறையை ஈடுகட்டுகின்றன. நரம்பணு அழிவதை நிறுத்துவதில்லை. உடற்பயிற்சி அசைவையும் நடையையும் நெடுநாள் காக்கும் என்பதற்குச் சான்றுகள் உள. அப்படியானால் நலமாயிருக்கும் ஒருவரிடம், பத்தாண்டில் உமக்கு நடுக்கம் வரலாம் என்று சொல்வது அறமா என்று கேட்டாள். இது எளிய வினா அன்று. முதுகுத்தண்டு நீர்ச் சோதனையை நலமாயிருப்பவர்க்கு நடைமுறையில் செய்ய வேண்டாம் என்றே அறிஞர் பலரும் கருதுகின்றனர். அறியாதிருக்கும் உரிமையும் மனிதர்க்கு உண்டு. மறுபுறம், நோயின் தொடக்க நிலையிலுள்ளோரை இனங்காண முடிந்தால்தான் அழிவைத் தடுக்கும் மருந்து ஏதேனும் வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் இயலும். பாதி நரம்பணு அழிந்தபின் கொடுத்துப் பார்த்த மருந்துகள் பல தோற்றதற்கு அது ஒரு காரணமாகலாம்.

நான் நேர்விடை கூறவில்லை. அன்று மாலை பெரியம்மாவிடம் சென்று, நீண்ட காலம் கேட்கத் தயங்கியதைக் கேட்டேன். பெரியத்தா மறைந்தது 2009இல். பெரியம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. நினைவு தெளிவாக இருக்கிறது. மணம் தெரியாமல் போனதை அவரிடமும் பெரியத்தா சொல்லவில்லையாம். சரக்குக்கடைக்காரருக்கு மூக்குப் போய்விட்டது என்று ஊர் அறிந்தால் வியாபாரம் என்னாகும்? அதனால்தான் என் உள்ளங்கையில் பெருங்காயத்தை வைத்தார். பத்தாண்டு நான் அவருக்கு மூக்காக இருந்திருக்கிறேன், அறியாமல்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லதா பெரியம்மா?" என்றேன்.

சற்று நேரம் வெற்றிலைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து இல்லேன்னா இல்லாமப் போகட்டும்டா. ராத்திரி கையும் காலும் வீசுறாருன்னு நான் பாயைச் சுருட்டிக்கிட்டுக் கூடத்துல போய்ப் படுத்தேனே, ஆறு வருஷம். ரெண்டு நாள் பேசாமக்கூட இருந்திருக்கேன். சீக்குன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா, ரெண்டு பாய்க்கும் நடுவுல ஒரு தலகாணியைப் போட்டுக்கிட்டு அங்கேயே படுத்திருப்பேனே."